வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி

என் கையெழுத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக எனக்குத் துணிச்சல் குறைந்துவிடும். சிவமுருகன் என்று தமிழில் எழுதி, கடைசி எழுத்திலிருந்து ஒரு வாலை இழுத்துப் பெயருக்கு அடியில் முழுக்க ஓடவிட்டு, அந்த வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். டாக்சி ஓட்டிய காலத்தில் டிரிப் ஷீட்டில் போட்டுப் பழகியது. செண்பகனூர்ப் பக்கம் எங்கள் வார்டில் பாதி வீடுகளில் ஏதாவது ஒரு காகிதத்தில் அது இருக்கிறது.

இரண்டு தடவை சுயேச்சையாக நின்று ஜெயித்த கவுன்சிலர் நான். வாய்க்காரன், முன்கோபக்காரன். எரியாத தெருவிளக்கு பல்புகளை மாலையாகக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மன்றத்துக்குப் போனவன். குப்பை வண்டி வரவில்லை என்று மைக்கைப் பிடுங்கி மேஜையில் அடித்து உடைத்து, இரண்டு கூட்டத்துக்கு உள்ளே வரக்கூடாது என்று தண்டனை வாங்கியவன். பேப்பரில் படம் போட்டார்கள். கூக்கால் கிராமத்தில் இருக்கிற என் தங்கச்சி அதை வெட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். அந்த நெனப்புத்தான் என் பிழைப்பைக் கெடுத்தது.

மாசி மாதம் ஒரு மன்றக் கூட்டம். அன்றைக்கு அதே தங்கச்சியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், நான் போகாவிட்டால் காரியம் நடக்காது. டாக்சியை விற்று வருஷமாகிறது. கூக்காலுக்கு பஸ்ஸோ நாளைக்கு ரெண்டோ மூணோதான். எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வார்டுக்கான தீர்மானப் பொருளோ, அந்த வார்டு கவுன்சிலர்தான் அதை முன்மொழிந்து தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டத்தில் பேசி முடித்த பிறகு போடுவதுதான் முறை. அவசரக்காரர்கள் முன்னாலேயே போட்டுவிட்டு நழுவுவதும் உண்டு.

மன்றப் பிரிவு கிளார்க் கோகுல்ராஜ் மூன்று தாளோடு வந்தான். எங்கள் வார்டுப் பையன்தான், என் வீட்டிலிருந்து நாற்பது படி இறங்கினால் அவன் வீடு.

"அண்ணே, ஒங்க வார்டுக்கு மூணு பொருள் இருக்கு. ஒருவாட்டி படிச்சிருங்கண்ணே. தண்ணித் தொட்டி விசயமும் இருக்கு."

"படிக்க நேரமில்லலே. பஸ்ஸு போயிரும். போட வேண்டிய எடத்தக் காட்டு."

"இல்லண்ணே, தொட்டி விசயம் மட்டுமாச்சும்..."

"ஏலே, நான் படிச்சாத்தான் தொட்டியில தண்ணி விழுமா? காட்டுலே."

காட்டினான். மூன்றிலும் போட்டேன், வாலும் புள்ளியுமாக. கூக்கால் போய்ப் பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தி, கறிச்சோறு தின்றுவிட்டு மறுநாள் வந்தேன். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அப்புறமும் நான் கேட்கவில்லை.

சித்திரையில் சீசன் ஆரம்பித்தது. எங்கள் மேட்டில் ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் தொட்டி ஒன்று இருக்கிறது. அறுபது வீட்டுக்கும் அது ஒன்றுதான் கதி. அது காலை ஒன்பது மணிக்கே வற்ற ஆரம்பித்தது. பார்த்தால் தொட்டியிலிருந்து புதுக் குழாய் ஒன்று மேலே புதிதாக வந்த விடுதிக்கு ஏறுகிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. அறுபது வீட்டுப் பெண்களையும் காலிக் குடத்தோடு கூட்டிப்போய் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். பன்னும் டீயும் விற்கிற அமீருன்னிசா அக்கா கடையைச் சாத்திவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். டூரிஸ்ட் வண்டிகள் வளைவுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் நின்றன.

பதினொரு மணிக்கு நகராட்சி என்ஜினியர் வந்தார். பின்னால் ஃபைலைக் கட்டிக்கொண்டு கோகுல்ராஜ்.

என்ஜினியர் என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார். "கவுன்சிலர் சார், இத முன்மொழிஞ்சதே நீங்கதான. இப்ப நீங்களே மறியல் பண்ணா எப்பிடி?"

தாளை நீட்டினார். 'உபரி நீரை விடுதிக்கு வழங்க' என்று டைப் அடித்திருந்தது. கீழே என் பெயர், வால், இரண்டு புள்ளி.

சுற்றிலும் இருநூறு பேர், முப்பது போன் என் முகத்துக்கு நேரே. அமீருன்னிசா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்காமல் போட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார்கள், விட்டிருப்பார்கள். ஆனால் பல்பு மாலை போட்டவன், மைக்கை உடைத்தவன், காதுகுத்துக்குப் போகிற அவசரத்தில் சொந்த வார்டுத் தண்ணீரைத் தாரை வார்த்தான் என்று ஊர் சிரிக்குமே. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

"இது என் கையெழுத்தே இல்ல," என்றேன். "ஆபீசுக்குள்ள எவனோ போட்டிருக்கான்."

கோகுல்ராஜ் என்னை நிமிர்ந்து பார்த்தான். அண்ணே என்று ஒரு சொல் சொல்லியிருந்தாலே போதும், நான் அங்கேயே உடைந்திருப்பேன். அவன் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த ஃபைல் அவன் பொறுப்பு என்பதால், மறுநாள் அவனைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த வாரமே குழாயைப் பிடுங்கினார்கள். தொட்டி நிரம்பியது. எனக்கு மாலை போட்டார்கள். "எங்க கவுன்சிலரு கையெழுத்தக்கூடத் திருடிட்டானுங்க, அல்லா பாத்துக்கிடுவான்," என்று அமீருன்னிசா அக்கா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கு டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். அந்தக் கடைப் பக்கம் போவதையே நிறுத்தினேன். கோகுல்ராஜ் வீட்டுப் படியைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்க ஆரம்பித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் திருடனைப் போல ஒளிந்து நடந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் வெள்ளனே கதவைத் தட்டும் சத்தம். கோகுல்ராஜின் மனைவி லாவண்யா நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"திங்கக்கெழமை அவருக்கு விசாரணைங்கண்ணே. பத்து வருசமா இந்த வார்டுல குடியிருக்கோம், நடத்தையில ஒரு கொறையும் இல்லன்னு ஒரு லெட்டர் குடுங்க."

அவ்வளவுதானா என்று இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. லெட்டர்பேடை எடுத்து, கோகுல்ராஜ் நேர்மையானவன், உழைப்பாளி, பொய் சொல்லத் தெரியாதவன் என்று ஒரு பக்கத்துக்கு அள்ளி விட்டேன். பேனா கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றது. இந்தத் தாள் எங்கே போகும், எந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைக்கப்படும் என்று அப்போதுதான் உறைத்தது.

மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, வால் இல்லாமல் எழுதத் தொடங்கினேன்.

"எப்பவும் போடுற மாதிரியே போடுங்கண்ணே," என்றாள் லாவண்யா.

குரலில் கோபம் இல்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளைக் கிழித்தேன். இன்னொரு தாளில் எல்லாவற்றையும் திரும்ப எழுதி, பெயரைப் போட்டு வாலை இழுத்தேன். இரண்டு புள்ளியும் வைத்தேன். பழகிய கை, சரியான இடத்தில்தான் வைத்தது.

"இத விசாரணையில குடும்மா," என்றேன். தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் தாளை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள். "குடுக்கத்தாண்ணே வந்தேன். அவரு எந்திரிக்கிறதுக்குள்ள, சொல்லாமத்தான் வந்தேன். போகாதன்னு சொல்லிட்டாரு. 'அண்ணன் கோவத்துல ஒரு வார்த்த விட்டுட்டாரு, தானா வந்து சொல்லிருவாரு'ன்னு ரெண்டு வாரமா வாசலப் பாத்துக்கிட்டே கெடக்காரு."

படியில் இறங்கிப் போனாள். நான் ஜன்னலருகில் நின்று பார்த்தேன். கீழே அந்த வீட்டு வாசலில் கோகுல்ராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

சட்டையை மாட்டினேன். செருப்பையும் போட்டேன். வாசல் வரைக்கும் வந்தேன். நாற்பது படிதான். அன்றைக்கும் இறங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் இறங்கவில்லை. திங்கட்கிழமை விசாரணைக்கு எனக்குப் பதிலாக அந்தக் காகிதம்தான் போனது.