தஸ்னீமின் ஃபைல்

விம்கோ நகரில் எல்.இ.டி. விளக்கு செய்யும் எங்கள் கம்பெனியில் அந்த டிசைன் சாஃப்ட்வேரைக் கேட்டு வாங்க வைத்ததே நான்தான். எந்த எல்.இ.டி., எத்தனை, எவ்வளவு சூட்டில் எரிய வேண்டும் என்று கட்டங்களை நிரப்பினால் போதும். சர்க்யூட்டையும் சாமான் பட்டியலையும் அதுவே போட்டுக் கொடுத்துவிடும். ஆறு மாதம் முன்னால் வேலைக்கு வந்த தஸ்னீமுக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்த மகாராசனும் நான்தான்.

"சுயம்பு, பொண்ணு வேலய பாத்தியா? சோக்கா கீது" என்று முதலாளி சண்முகவேல் தினமும் என்னிடமே வந்து சொல்வார். ஒன்பது வருஷம் இங்கே குப்பை கொட்டியவன் நான். என்னை ஒரு நாள் அப்படிச் சொன்னதுண்டா? மறைப்பானேன், பொறாமைதான்.

மணலியில் ஒரு பாய்லர் ஷெட்டுக்கு இருநூறு விளக்கு ஆர்டர் வருவதாக இருந்தது. தஸ்னீம் போடும் சாம்பிள் அந்தச் சூட்டில் ஒரு வாரம் தாங்க வேண்டும். தாங்கினால் தஸ்னீம்தான் டிசைன் இன்சார்ஜ் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த நாற்காலிக்குத்தான் நான் இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் காலடிப்பேட்டை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தாள். அவள் ஃபைலைத் திறந்தேன். ஷெட்டின் சூட்டுக்கான கட்டத்தில் அறுபது டிகிரி என்று போட்டிருந்தாள். முப்பது ஆக்கினேன். உடனே, விளக்கின் சூட்டை இழுத்து வெளியே விடும் அலுமினியத் தகட்டை சாஃப்ட்வேர் பாதியாகக் குறைத்தது. அவள் வந்தாள், பார்க்காமல் பிரிண்ட் போட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு ருசியாக இறங்கியது.

மணலியில் மூன்றாம் நாளே சாம்பிள் கருகிவிட்டது.

"இன்னாமா இது? பேஜாரு பண்ட்டியே!" என்று முதலாளி எகிறினார். தஸ்னீம் ஃபைலைத் திறந்தாள். எந்தக் கட்டம் எப்போது மாறியது என்ற பட்டியலும் அதில் இருக்கும் என்பது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை. வெள்ளி, மதியம் ஒன்று இருபது. முதலாளிக்கு அந்தத் திரையில் ஒன்றும் விளங்காது. கம்பெனிக்கே ஒரே பாஸ்வேர்டு என்பதால் பெயர் வராது. ஆனால் அந்த நேரத்தில் அறையில் இருப்பது நான் ஒருவன்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேஜை டிராயரைத் திறந்து எதையோ தேடினேன்.

"என் மேலதான் சார் தப்பு. ஒரு வாட்டி பாத்துக்கினு பிரிண்ட் போட்டிருக்கணும். ரெண்டு நாள் குடுங்க, வேற செஞ்சு தரேன்" என்றாள்.

முதலாளியின் கோபம் இறங்கிவிட்டது. "தப்ப ஒத்துக்க ஒரு தில்லு வோணும்மா. சாம்பிள் தாங்குதோ இல்லியோ, நீதான் இன்சார்ஜ்."

அடிப்பாவி, திட்டு வாங்கிக்கூட ஜெயிக்கிறாளே! காட்டிக் கொடுத்திருந்தால் அவளைக் கரித்துக் கொட்டியாவது மனசை ஆற்றியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாள்.

சாயந்திரம் புது டிசைன் தாளோடு என் மேஜைக்கு வந்தாள். அடியில் 'வடிவமைத்தவர்: தஸ்னீம்' என்று இருந்தது. அதற்குக் கீழே 'சரிபார்த்தவர்' என்று புதிதாக ஒரு வரி.

"இனிமே நான் இன்னா போட்டாலும் நீங்க பாத்து கையெழுத்து வெச்சாதான் வெளிய போவும்ணா. முதலாளி கைல சொல்லிட்டேன். எல்லா கட்டத்தையும் பாத்துட்டீங்களா?"

தாளில் விரலை ஓட்டினேன்; சூட்டுக்கான கட்டத்தில் மறுபடி அறுபது. "பாத்துட்டேன்" என்றேன்.

அவள் பேனாவை நீட்டினாள். அவள் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.