இழுக்க மட்டுமே தெரிந்தவை

எலும்புக்குத் தானாக அசையத் தெரியாது. தசைக்கோ இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவேதான் மேற்கை எலும்பின் முன்புறம் ஒரு தசையும் பின்புறம் ஒரு தசையும் அமைந்தன. முன்னது இழுத்தால் கை மடங்கும். பின்னது இழுத்தால் நீளும். ஒருநாள் முன்தசை, "நான் இழுப்பதையெல்லாம் நீ கெடுக்கிறாய்" என்று சினந்ததாம். பின்தசை உடனே ஓய்ந்துவிட்டது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கை அங்கேயே நின்றது. அடுத்த கவளம் எடுக்க வழியில்லை.

திரேஸ்புரத்தில் கடலடியில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாள் இஞ்ஞாசிக்கு அந்தப் பின்தசையின் அருமை தெரியும். கரையேற்றும்போது வள்ளம் சரிந்து அவனுடைய வலது மேற்கை எலும்பை முறித்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு ஒட்டியிருந்தது; சதை வற்றியிருந்தது. மருத்துவமனைப் பயிற்சி அறையில் சொல்லிக்கொடுத்தபடி, உப்பளத்தில் சுமை தூக்கும் அவன் மனைவி இசபெல்லா ஒரு கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அன்றாடம் அவனெதிரே அமர்ந்தாள். அவன் மடக்க இழுத்தால் இவள் விடமாட்டாள். நீட்டும் முறை வந்தால் அவன் பின்னால் போய் அமர்ந்து பிடிப்பாள்; அப்போதும் எளிதில் விடமாட்டாள். அவன் களைத்துப்போவது அவன் முகத்தில் தெரியுமுன் கயிற்றில் அவளுக்குத் தெரிந்துவிடும்.

கடலுக்குப் போகலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆனால் காற்றுக்குழாயோடு ஆழத்தில் இறங்குபவனின் இடுப்புக்கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவனே மேலே பிடிக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இசபெல்லாவின் அண்ணன் பர்னபாஸ் கயிற்றைத் தொட மறுத்தான்.

"ஒட்டுன எலும்ப நம்பி நான் பிடிக்கமாட்டேன் மாப்ள. கீழ ஒனக்கு ஒண்ணுன்னா என் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்லுதது?"

"அந்தத் தங்கச்சி இங்கனதான் நிக்கா. அவகிட்டயே கேளு" என்றாள் இசபெல்லா.

வள்ளத்துக்காரன் சத்தியராஜ் கையை விரித்தான். "மச்சான் பிடிக்காதவன நான் ஏத்த முடியாதும்மா."

"கயித்த மச்சான் கையில எதுக்கு அண்ணாச்சி குடுக்காங்க?"

"தங்கச்சி தாலிய அறுக்க விடமாட்டான்னுதான்."

"அந்தத் தாலி யார் கழுத்துல கெடக்கு?"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சத்தியராஜ் சிரிக்கவில்லை. "பொம்பள ஏறுனா கடல் கோவிக்கும்."

"கோவிச்சா நான் பேசிக்கிடுதேன். நீங்க எஞ்சின எடுங்க."

"ஏளா, உப்பு சுமக்கதும் ஆள இழுக்கதும் ஒண்ணா?" என்ற பர்னபாஸ், கயிற்றின் ஒரு முனையை அவளிடம் எறிந்தான். "பிடி பாப்போம்."

அவன் வெட்டி வெட்டி இழுத்தான். அவளோ மணலில் அமர்ந்து, குதிகால்களைப் புதைத்து, கைகளை மடக்காமல் நீட்டிப் பிடித்தாள். பாரம் தோளெலும்பின் வழியே முதுகுத்தண்டில் இறங்கி, இடுப்பைக் கடந்து, கால்களின் நீண்ட எலும்புகளில் ஓடி, மணலில் போய்ச் சேர்ந்தது. தசைகள் எலும்புகளை இடம் பெயராமல் காத்தன, அவ்வளவே. பர்னபாஸ் எவ்வளவு இழுத்தும் கயிறு அவன் பக்கம் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

"என்ன அண்ணே, சாப்பிடலியா?"

அவன் மூச்சுவாங்க ஒருமுறை கயிற்றைத் தளர்த்தினான். அந்தக் கணம் அவள் இழுத்தாள். பர்னபாஸ் முழங்கால் மடங்கி மணலில் விழுந்தான். சத்தியராஜ் வள்ளத்தில் ஏறி அவளுக்கு இடம் ஒதுக்கினான்.

சங்கு கிடக்கும் கடலடிப் பாறைத்திட்டான பார் வந்ததும் இஞ்ஞாசி இறங்கினான். இசபெல்லா கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை விரல்களால் கேட்டாள். அதே வள்ளத்தில் கூடவே ஏறி வந்திருந்த பர்னபாஸ் பொறுக்கமாட்டாமல், "போதும், இழுளா!" என்றான்.

"அவுக இன்னும் களைக்கல."

சற்றுப் பொறுத்துக் கயிறு ஒருமுறை சுண்டியது. அவள் இழுத்தாள். நீரைப் பிளந்து முதலில் வந்தது அவனுடைய வலக்கை. முழுதாக நீண்டு, ஒரு சங்கைப் பற்றியிருந்தது.

இஞ்ஞாசி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் இறங்க ஆயத்தமானான். பர்னபாஸ் இசபெல்லாவின் பின்னால் வந்து நின்றான்.

"நான் பின்னால கொஞ்சம் பிடிச்சிக்கிடட்டுமா?"

"பிடிச்சிக்கோ" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "ஆனா நான் சொல்லாம இழுக்கப்படாது."