காருக்குத் தடையில்லை

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. ஏரியூருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில், காலமான கண்ணம்மாளின் பாடை பெரிய தெரு வழியாகச் சுடுகாட்டுக்குச் செல்லக்கூடாதென அத்தெருவார் தடுத்தனர். முறையீடு இவ்வளவே. அவ்வம்மையாரின் மகன் உயர்நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி என்பது எதையும் மாற்றவில்லை.

காலனி முகப்பில், உள்ளே கால் வைக்காமல், பெரிய தெருத் தலைவர் பூவரசன் கைகூப்பி நின்றார். அவருக்குப் பின்னால் அவரே கட்டிய பதாகை: 'எங்கள் மண்ணின் நீதியரசர் தமிழ்ச்செல்வன் அவர்களே, வருக!'

"ஐயா காரு வரும்னு மாலையோட காத்திருக்கறமுங்க. பாடை மட்டும் ஓடை வழியா போவட்டுங்க. வழக்கமுங்க."

ஓடையில் மார்பளவு வெள்ளம். கண்ணம்மாளின் மகள் கோவிந்தம்மாள் தன் அண்ணனைப் பார்த்தாள். இதே காலனியில் பிறந்து, பென்னாகரம் கோர்ட்டு வாசலில் கட்சிக்காரனின்றி வெயில் காய்ந்து, மாவட்ட நீதிபதியாகி, பதினோராண்டாய் உயர்நீதிமன்றத்தில் அமர்ந்திருப்பவர். பொதுத்தெரு இறந்தவருக்கும் பொதுவே என்று வேறு மாவட்டத்து வழக்கொன்றில் நாற்பத்திரண்டு பக்கம் எழுதியவர்.

"அந்தத் தீர்ப்பைப் படிச்சீங்களா?" என்றார் அவர்.

"படிச்சமுங்க! லேமினேட் பண்ணி நூலகத்துல மாட்டியிருக்கறமுங்க. ஆனா அது அந்த ஊருக்கு எழுதுனதுங்களே!"

"எஸ்.பி.க்குப் போனு போடண்ணா," என்றாள் கோவிந்தம்மாள்.

"நம்ம வூட்டு வழக்கும்மா. இதுல நான் அதிகாரத்தக் காட்டக்கூடாது."

"அப்பறம் நாப்பத்திரண்டு பக்கம் எதுக்கு எழுதுன?"

அவள் பூவரசனிடம் திரும்பினாள். "அண்ணன் காரு தெருவுல போவலாங்களா?"

"தாராளமா! காருக்குத் தடையே இல்லீங்க."

"அப்ப ஆத்தாளக் கார்ல ஏத்துங்கடா!"

நீதிபதியின் பின்னிருக்கையில் கண்ணம்மாளை உட்கார வைத்தார்கள். ஓட்டுநர் அக்பர் அலி, "ரூல்ஸுங்க," என்று முணுமுணுத்தவாறே அவளுக்கு சீட் பெல்ட் மாட்டினார்.

கார் பெரிய தெருவில் நுழைந்ததும் நாதசுரம் முழங்கிற்று. பூ மழை பொழிந்தது. ஓடிவந்த பூவரசன், இறங்கிய கண்ணாடி வழியே கைவிட்டுச் சால்வையைப் போர்த்தினார். பிறகுதான் யாருக்குப் போர்த்தினோம் என்று பார்த்தார். விரல்கள் வெளியே வரப் பாடுபட்டன.

பின்னால் கொள்ளிச்சட்டியோடு வெறுங்காலில் நீதிபதியும், அவர் பின்னே காலனி முழுவதும் நடந்து வந்தனர்.

"ஐயா, நீங்க போயி நடக்கறீங்களே!" என்றார் பூவரசன்.

"இடமில்லீங்க. ஆத்தா உக்காந்திருக்காங்க."

மூன்றாம் வாரம் அக்காலனியில் மாரியப்பன் என்னும் கூலித்தொழிலாளி இறந்தார். கோவிந்தம்மாள் அவர் உடலை வாடகைக் காரில் ஏற்றித் தெருமுனைக்குக் கொண்டு சென்றாள்.

பூவரசன் கையை விரித்து மறித்தார். "ஜட்ஜய்யா காருக்குத்தான் விட்டமுங்க. எல்லாக் காருக்கும் விட்டா வழக்கம் என்னாவறது?"

அவள் ஓட்டுநரிடம் கூறினாள்: "வண்டிய அணைச்சுட்டுச் சாவிய எங்கிட்டக் குடுப்பா. இங்கயே நிக்கட்டும். காருக்குத்தான் தடையில்லையே."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு தெருவின் நடுவே அமர்ந்தாள். மழை பிடித்தது. அவளும் எழவில்லை, காரும் நகரவில்லை.

வாசகரே, உமது தெரு வழியாக யாருடைய பாடை செல்வதில்லை? 'எங்கள் ஊரில் அப்படியெல்லாம் இல்லை' என்று கேளாமலே கூறிவிடாதீர். எழுந்து போய்க் கேட்டு வாரும். கேட்டபின் கூறும்: மாரியப்பன் இன்னும் எவ்வளவு நேரம் காரில் காத்திருக்க வேண்டும்?