தறி ஓடும்போது சொன்னது

மணிமேகலையின் வாய்க்கு முள்ளிப்பட்டில் ஒரு தெருவே பயப்படும். அவள் புருஷன் ஜெயவேலுக்கோ இருபத்தாறு வருஷமாக அந்த வாய்தான் அலாரம். "யோவ், எழுந்திரு. வெயிலு மூஞ்சி மேல வந்து ஒக்காந்துகினு கீது!" என்று ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நிற்காது. அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஊமைக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாமல் புதிதாக வந்த தபால்காரர் ஒருமுறை சைகையில் பேசியதுகூட உண்டு.

வீட்டின் முன்னறையில் இரண்டு பட்டுத்தறி. ஒன்றில் அவர், பக்கத்திலேயே இன்னொன்றில் அவள். இரண்டும் ஓட ஆரம்பித்து, அக்கம்பக்கத்துத் தறிகளும் சேர்ந்துகொண்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அந்த வீட்டில் சண்டைபோட வேண்டுமென்றாலும் தறியை நிறுத்தித்தான் போட வேண்டும்.

அங்கேதான் அன்புச்செல்வி கேமராவோடு வந்தாள். பக்கத்து ஊரான சந்தவாசல் பெண், சென்னையில் படமெடுக்கப் படித்தவள். வீட்டுக்குள்ளேயே நெய்கிற பெண்களைப் பற்றி ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மணிமேகலையின் புடவையில் பட்டாணி அளவு மைக் ஒன்றைக் குத்திவிட்டு, "இது இருக்கறதையே மறந்துடுங்கக்கா" என்றாள். மணிமேகலை நிஜமாகவே மறந்துபோனாள். அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து அன்புச்செல்வி மறுபடி வந்தாள். ஜெயவேல் ஆரணிக்குப் போயிருந்த நேரம். லேப்டாப்பைத் திறந்து வைத்து, மணிமேகலையின் காதில் ஹெட்போனை மாட்டினாள்.

"தறி சத்தத்த கம்ப்யூட்டர்ல கொறச்சேங்கா. அதுக்கு அடியில இது இருந்துச்சி."

எங்கோ தூரத்தில் தறி ஓடியது. கிட்டத்தில் மணிமேகலையின் குரல் கேட்டது. ஆனால் அந்தத் தெரு கேட்டேயிராத குரல்.

"மாமா, குளிக்கறப்ப நெஞ்ச புடிச்சிகினு நின்னியே, நான் பாத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா மாமா. எனக்கு பயமா கீது. நீ ஒரு வார்த்த பேசலன்னாலும் பரவால்ல. பக்கத்துல உன் தறி ஓடிகினே இருக்கணும். அது போதும் எனக்கு."

ஹெட்போனைப் பிடுங்கிக் கீழே வைத்தாள் மணிமேகலை. தறி ஓடும்போது பேசினால் சாமிக்குக்கூடக் கேட்காது என்று நம்பி, கல்யாணமான நாளிலிருந்து அவள் கொட்டி வைத்ததெல்லாம் இப்படித்தான் இருந்தது. சத்தம் நின்றால் "யோவ்", சத்தத்துக்குள் "மாமா". பட்டாணி மைக்குக்கு இந்த ஏற்பாடு தெரியவில்லை.

"அய்யய்யோ, இத்த எடுத்துடு கண்ணு! ஊரே சிரிக்கும்."

"எடுத்துடறேங்கா. அதுக்குத்தான் உங்ககிட்ட மொதல்ல காட்ட வந்தேன்." அன்புச்செல்வி கொஞ்சம் தயங்கினாள். "எல்லாரும் கேமரா முன்னால புருஷன பத்தி கொறதான் சொன்னாங்க. நானும் அதத்தான் தேடிகினு வந்தேன். இத எதிர்பாக்கல. ஏங்கா, நீங்க பயப்படறது அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? டாக்டராண்ட போய்த் தொலையான்னு தெனந்தான் கத்தறனே!"

அன்புச்செல்வி லேப்டாப்பை மூடினாள். "ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆரணி கல்யாண மண்டபத்துல படத்த போடறோம். சனிக்கெழமக்குள்ள யோசிச்சி சொல்லுங்க."

சனிக்கிழமை காலையில் ஜெயவேல் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. பார்த்தவளுக்கு ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"யோவ், வாசப்படியில இன்னா வேர் வுட்டுட்டியா? நகரு!"

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மணிமேகலைக்குத் தன் நாக்கின்மேலேயே ஆத்திரம் வந்தது. எத்தனை பாசத்தை வைத்து அனுப்பினாலும் வழியில் மிளகாய்ப்பொடி தூவித்தானே இது வெளியே விடுகிறது! இந்த வாயை நம்பினால் அவர் ஒருநாளும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப்போவதில்லை. போனை எடுத்தாள்.

"கண்ணு, அத்த எடுக்காத. இருந்துட்டுப் போவட்டும்."

மறுநாள் மண்டபத்தில், மணமக்கள் உட்காரும் மேடையில் திரை கட்டியிருந்தார்கள். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால்; ஜெயவேலும் அங்கேதான். மற்றப் பெண்கள் திரையில் பேசப் பேச, "ஆமாண்டி, எங்க ஊட்லயும் அதே கததான்" என்று சிரிப்பு எழுந்தது. அப்புறம் இரண்டு தறிகள் வந்தன. மாமா என்ற குரலைக் கேட்டதும் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் "அடியே, நீயாடி!" என்று விலாவில் இடித்தாள். மேலே கேட்கக் கேட்க, இடித்த கையாலேயே மணிமேகலையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மணிமேகலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பின்னால் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

பஸ்ஸில் ஜெயவேல் பேசவில்லை. அது வழக்கம்தான். மணிமேகலையும் பேசவில்லை என்பதுதான் அதிசயம். பத்துப் பேர் நடுவில் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டோமோ என்று வீடு வந்தபிறகும் அவள் மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை இருவரும் தறியில் உட்கார்ந்தார்கள். தறிகள் ஓட ஆரம்பித்தன. உதட்டை அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் முடியும்? பழக்கம் விடவில்லை.

"மாமா, எம்மேல கோவமா?"

பக்கத்துத் தறி நின்றது.

அவளும் நிறுத்தினாள். ஜெயவேல் நெய்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கேட்ட?"

"ஒண்ணுமில்லயே."

"சொல்லு. உன் ஒதடு அசஞ்சத பாத்துத்தான நிறுத்தினேன்."

அந்த அமைதியில் ஒரு வார்த்தை சொல்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"எனக்கு பயமா கீது" என்றாள்.

"எனக்குந்தான்" என்றார் அவர். "போனா இன்னா சொல்வாங்களோன்னுதான் போவாம இருந்தேன். நீ பக்கத்துல ஒக்காந்துகினா போலாம். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார். காலர் கிழிந்த சட்டை. மணிமேகலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல "யோவ்" என்று கத்த வாயைத் திறந்தாள். தறி இரண்டும் நின்றிருந்தன. தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்.

"மாமா" என்றாள். "அந்த நீலச் சட்டய போட்டுக்க."