உயிரோடு இருப்பவனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

கடலூரில் யார் பிறந்தாலும், காது குத்திக்கொண்டாலும், கட்சியில் பதவி வாங்கினாலும், கடைசியில் செத்தே போனாலும் அது எழிலரசியின் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் ஊருக்குத் தெரியவரும். மஞ்சக்குப்பத்தில் வைத்திலிங்கம் நடத்தும் பிளெக்ஸ் கடையில் அவள்தான் டிசைனர். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். பூ கேட்டால் பூ, கண்ணீர்த் துளி கேட்டால் கண்ணீர்த் துளி, எதையும் தட்டாமல் போட்டுக் கொடுப்பாள். அப்படிப்பட்டவள் 2011 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, வந்த வேலையில் இரண்டை முடியாது என்று திருப்பி அனுப்பினாள். மூன்று பேர் தூக்கை நிறுத்தச் சொல்லி ஊரெல்லாம் போராட்டம் நடந்த அந்த வருஷம், தூக்கு என்ற சொல் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது.

காலையில் வந்தவர் அவளுடைய தாய்மாமன் அன்புமணி. கல்யாண வீடென்றால் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், சாவு வீடென்றால் பிணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனுஷர். ஆனால் அவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட முடியாது, சிந்துஜா செத்த நாளிலிருந்து ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் செருப்புத் தேய அலைந்தவரும் அவர்தான்.

சிந்துஜா எழிலரசியின் ஒரே தங்கை. நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். கம்மாபுரம் பக்கத்துச் செந்தமிழ்செல்வன் என்கிறவன் என்னைக் கட்டிக்கொள் என்று அவள் பின்னாலேயே சுற்றினான். முடியாது என்றாள். அதற்காகச் சிதம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றவள் மேல் பட்டப்பகலில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினான். மூடிய பெட்டியாகத்தான் வீட்டுக்கு வந்தாள். பெற்றவள்கூட முகம் பார்க்கவில்லை. இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை கடலூர் கோர்ட்டில் அவனுக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்தது.

"ஞாயித்துக்கெழம மைதானத்துல கூட்டம்" என்றார் அன்புமணி. "மேல் கோர்ட்டு, கருணை மனுன்னு இழுக்காம அவன சீக்கிரம் தொங்க விடணும்னு கேக்கப் போறோம். மேடைக்குப் பின்னாடி ஒரு பெரிய பிளெக்ஸு. பாப்பா போட்டோ ஒங்கிட்டதான் நல்லதா இருக்கும். அவன் கழுத்துல கயிறு மாட்டி ஒண்ணு போட்டுக் குடு."

"மாட்டேன் மாமா."

"வேல ஜாஸ்தியா?"

"வேலைக்குச் சொல்லல. அவனக் கொல்லச் சொல்லிக் கேக்கற கூட்டத்துக்குப் பாப்பா மூஞ்சியத் தர மாட்டேன்."

அன்புமணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நம்ம ஜனத்துல அந்தச் சாதிக்காரங்க கையால எத்தினி பேரு செத்திருக்காங்க எழிலு. கொன்னவன் எவனாச்சும் முழுசா ஒரு வருஷம் உள்ள இருந்திருக்கானா? மொத தடவயா ஒரு ஜட்ஜு, நம்ம புள்ள உசுருக்கும் அவுங்க புள்ள உசுருக்கும் ஒரே வெலதான்னு எழுதியிருக்காரு. அத நீ வாணாங்கற. பெரிய மனசு காட்டறதுக்கு ஒனக்கு நம்ம வூட்டுப் பொணந்தான் கெடச்சிதா?"

அவர் சொன்னதில் பாதிக்கு மேல் நிஜம். அதனால்தான் சுருக்கென்று உறைத்தது.

"எனக்குப் பெரிய மனசெல்லாம் கெடையாது மாமா. அவன் நாசமாப் போவட்டும். ஜெயில்லயே கெழடாவட்டும். ஆனா தூக்குக்கு நான் வரல."

"ஏன்?"

அவளிடம் அப்போது பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் என்ன, முடியாது முடியாதுதான். அன்புமணி எழுந்து போனார். கடலூரில் பிளெக்ஸ் கடைக்கா பஞ்சம்?

மத்தியானம் வேட்டியும் மஞ்சள் பையுமாக ஒரு பெரியவர் வந்தார். வைத்திலிங்கம்தான் ஆர்டர் எடுத்தார். கண்ணீர் அஞ்சலி, ஒன்று, கம்மாபுரத்தில் கட்டுவதற்கு. போட்டோவைக் கொண்டுவந்து எழிலரசியின் மேஜையில் வைத்துவிட்டு, "மறைவுன்னு போன வெள்ளிக்கெழம தேதி போட்டுடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

போட்டோவில் இருந்தவன் செந்தமிழ்செல்வன். செத்துவிட்டானா என்று நினைத்ததில் ஒரு சந்தோஷம் வந்தது, பொய் சொல்வானேன். நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்றவர் கோவிந்தசாமி, அவனைப் பெற்றவர். கோர்ட்டில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடைசி பெஞ்சில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தவர். அவருக்கும் அவளைத் தெரிந்துவிட்டது. வாசலைத் திரும்பிப் பார்த்தார், ஆனால் போகவில்லை.

"எப்பச் செத்தான்?" என்றாள்.

"சாவல. கேப்பர் மலை ஜெயில்லதான் இருக்கான்."

"அப்பறம் இது என்னா?"

கோவிந்தசாமி ஸ்டூலில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். மகள் பவானிக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. தூக்குக் கைதி வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் இழுக்கிறார்கள். ஊரில் பெரியவர்கள் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். தலைமுழுகிவிட்டு அவனுக்குக் கருமாதி செய்துவிட்டால் அவன் அந்த வீட்டு ஆள் இல்லை. சாதி விட்டு ஓடிப்போன பெண்களுக்கு இப்படிச் செய்து அந்த ஊருக்குப் பழக்கமுண்டு. ஆனால் ஊரறியச் செய்ய வேண்டும், அதற்குத்தான் பிளெக்ஸ்.

"ஒரு தடவயாச்சும் ஜெயிலுக்குப் போயி அவனப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பெட்ரோல் வாங்குன அன்னைக்கு அவன் ஒங்க வூட்டுலதான சாப்புட்டுட்டுப் போனான்?"

அவர் போட்டோவை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"எடுத்துக்கினு போங்க. நான் போட மாட்டேன்."

"ஒனக்கு இது சந்தோஷம்னு நெனச்சேம்மா. அவன் செத்தான்னு ஒங் கையாலயே எழுதிக்கலாம்."

அந்த வார்த்தையில் எழிலரசிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. காலையில் மாமனுக்குச் சொல்ல முடியாத பதில், இந்த மனுஷர் முன்னால் தானாக வந்தது.

"அவன் செத்தான்னு போட்டுட்டு நீங்க பந்தல் போட்டுப் பொண்ணு கட்டிக் குடுப்பீங்க. ஊரு வந்து சாப்புடும். அப்ப எந் தங்கச்சியக் கொளுத்துனவன் யாரு? இல்லாத ஆளா? நீங்க பெத்தீங்க, ஒங்க ஊரு வளத்துது. பொட்டச்சி வாணாம்னு சொல்லக் கூடாதுன்னு அவனுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்கீங்க. இப்ப தலமுழுகிட்டா ஆயிடுமா? அவன் இருக்கணும். எங்க பையன், எங்க வூட்டுலதான் வளந்தான்னு நீங்க கேப்பர் மலைக்கு நடக்கணும். நடந்து நடந்து ஒங்க காலு தேயணும்."

கோவிந்தசாமி போட்டோவை எடுத்துப் பைக்குள் வைத்தார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வேறு கடையில் அடித்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினார்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் அவளுக்கு அது விளங்கியது. மாமனும் கோவிந்தசாமியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். ஆனால் இருவரும் கேட்டது ஒன்றுதான். அவனைச் சீக்கிரம் செத்தவனாக்கி, விஷயத்தை முடித்துவிட வேண்டும். கோர்ட்டும் தன் பங்குக்குத் தலைமுழுகிக்கொள்ளப் பார்க்கிறது. கடலூர் ஜில்லாவில் அவனை உயிரோடு வைத்துக் கேள்வி கேட்க நினைத்தது, அவனால் குடி கெட்ட வீட்டுப் பெண் ஒருத்திதான்.

அவள் போவதற்கு முன்பே சேதி வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா சவரியம்மாள் அடுப்புப் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அவன் பக்கம் சாஞ்சிட்டியாமே."

"யார் பக்கமும் சாயலம்மா."

"அவன் தொங்குற அன்னைக்குத்தான் பாப்பாவுக்குக் கல்லறை கட்டுவேன்னு மாதாகிட்ட நேந்துகினு இருக்கேன். ஒனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். பங்குச் சாமியார் இந்த மாதிரி நேர்த்திக்கடனை மாதா ஏற்கமாட்டாள் என்று சொல்லிப் பார்த்தார், அம்மா கேட்கவில்லை. நவம்பர் வந்தால் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் அவரவர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சிந்துஜா மட்டும் பெயரில்லாத மண்மேடாகக் கிடப்பாள். போன மழையில் அந்த மேடும் பாதி கரைந்துவிட்டது.

"தூக்குன்னா நாளைக்கே போட மாட்டாங்கம்மா. பத்து வருஷம் ஆவும், இருவது ஆவும். அது வரைக்கும் பாப்பா பேர எழுதறதுக்கு அவன் உத்தரவு வேணுமா நமக்கு?"

சவரியம்மாள் எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அறைந்த கையைப் பார்த்துக்கொண்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை வரை அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிறு சாயங்காலம் மைதானத்தில் நல்ல கூட்டம். அன்புமணி வேன் வைத்துச் சிதம்பரத்திலிருந்து சவரியம்மாளை அழைத்துவந்து மேடையில் உட்கார வைத்திருந்தார். எழிலரசி தனியாகப் பஸ்ஸில் வந்து மேடையின் ஓரமாக நின்றாள். வராமல் இருந்திருந்தால் மாமனும் அம்மாவும் ஒரு வழியாகச் சமாதானமாகியிருப்பார்கள், அது அவளுக்கும் தெரியும்.

பின்னால் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். யார் படம் பெரிசு என்பதில் பிளெக்ஸ் கடைகளுக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. கூட்டம் யாருக்காகக் கூடுகிறதோ அவர் பெரிசு, செலவு செய்தவர் அடுத்தது, செத்தவர் மிச்சம் இருக்கிற இடத்தில். இதிலும் சாஸ்திரம் தப்பவில்லை. நடுவில் ஆள் உயரத்துக்குச் செந்தமிழ்செல்வன், கழுத்தில் கயிறு. பக்கத்தில் செல்போனைக் காதில் வைத்தபடி அன்புமணி.

சவரியம்மாளைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் மைக்குக்கு முன்னால் வந்தாள். திரும்பிப் பிளெக்ஸை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தாள்.

"இதுல பாப்பா எங்கடி?" என்று ஓரத்தில் நின்ற மகளிடம் கேட்டாள். மைக் அதை மைதானம் முழுக்கச் சொல்லிவிட்டது.

எழிலரசி மேடையேறிக் காட்டினாள். கீழ் மூலையில் ஸ்டாம்பு மாதிரி ஒரு வட்டத்துக்குள் சிந்துஜா இருந்தாள். ஸ்பீக்கர் பெட்டி அவள் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. சவரியம்மாள் குனிந்து பெட்டியைத் தள்ளப் பார்த்தாள். அது நகரவில்லை.

எழிலரசி மைக்கைப் பிடித்தாள்.

"நான் சிந்துஜாவோட அக்கா. அவன நான் மன்னிக்கல, மன்னிக்கவும் மாட்டேன். அவன் வெளிய வரக் கூடாது. ஆனா எந் தங்கச்சி பேரச் சொல்லி யாரையும் கொல்லாதீங்க. ரெண்டு வருஷமா அவன் எப்பத் தொங்குவான்னுதான் எல்லாரும் கேக்கறீங்க. பாப்பா எப்பிடி இருப்பா, என்னா பேசுவான்னு ஒருத்தர் கேக்கல. அவனத் தொங்க விட்டுட்டா நாயம் கெடச்சிதுன்னு வூட்டுக்குப் போயிடுவீங்க. பொண்ணு வாணாம்னு சொன்னா வாணாந்தான்னு ஒங்க வூட்டுப் பையனுக்கு யாரு சொல்றது? மாமா, நம்ம உசுருக்கும் அவுங்க உசுருக்கும் ஒரே வெலன்னு சொன்னீங்க. சரி. அந்த வெலைய ஏத்துங்க. நம்ம உசுர இத்தினி நாளு சல்லிசா எடுத்தாங்களே, அந்த வெலைக்கு அவுங்க உசுரையும் எறக்காதீங்க."

கூச்சல் எழுந்தது. கம்மாபுரத்துக்காரன் எவ்வளவு கொடுத்தான் என்று ஒருவன் கத்தினான். எவனோ செருப்பை வீசினான், அது அன்புமணியின் படத்தில் பட்டு விழுந்தது. அன்புமணி ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். எழிலரசி விட்டுவிட்டாள், சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. யார் முகத்தையும் பார்க்காமல், யாருக்கும் ஒதுங்காமல், கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்து வெளியே வந்து சிதம்பரம் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் புறப்படுகிற நேரத்துக்குச் சவரியம்மாள் ஏறினாள். வேன் மைதானத்து வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது. அவள் அதில் போகவில்லை. எழிலரசிக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆலப்பாக்கம் தாண்டியும் நின்றாள். முழங்கால் வலிக்காரி, பஸ் குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

"அவன் சாவணும்" என்றாள் கடைசியில், மகளைப் பார்க்காமல். "இப்பவும் அதத்தான் சொல்லுவேன். அத்தினி பேரு முன்னாடி நீ பேசுனத எஞ் சாவு வரைக்கும் மன்னிக்க மாட்டேன்டி."

"மன்னிக்க வாணாம்மா" என்றாள் எழிலரசி, ஜன்னல் பக்கமாக நகர்ந்து. "மன்னிக்காமலே ஒக்காரு."

சவரியம்மாள் உட்கார்ந்தாள்.