கோணக்கொம்பன் எந்தப் பக்கம்

படத்தில் மானின் வாயோரம் ஓர் இலை தொங்கிக்கொண்டிருந்தது. ஓரின் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கைப்பேசியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். டர்னிப் கிழங்கின் இலை. சந்தேகமே இல்லை. அவருடைய மேட்டு நிலத்தில் டர்னிப் கிடையாது, க்ளோவர் தீவனப்பயிர்தான். வேலி இடுக்கில் அவரே கட்டிவைத்த கேமராவுக்கு முன்னால், விடிகிற நேரத்தில், தம்பி டுவேனின் கீழ்நிலத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, அவருடைய முட்காட்டுக்குத் தூங்க வந்துகொண்டிருக்கிறது அவருடைய மான். இடது கொம்பு காதுப்பக்கம் வளைந்து இறங்கிய கிடா. நான்கு வருடம் முன்பு அவர்தான் அதற்குக் கோணக்கொம்பன் என்று பெயர் வைத்தார்.

"சாப்பாடு அங்க, படுக்கை மட்டும் இங்கயா?" என்றார் கைப்பேசியிடம். அடுப்பருகே நின்ற மனைவி மார்லிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நவம்பர் பிறந்தால் இந்த வீட்டில் மனிதர் பேச்சு குறைந்து மான் பேச்சு கூடிவிடும் என்பது அவளுக்குப் பழகிப்போனது.

இரண்டு வயதில் அது ஓரினின் வேட்டைப் பரணுக்குக் கீழே இருபது அடியில் நின்றிருக்கிறது. விட்டார். மூன்று வயதில் விட்டார். போன வருடம் குறிக்கண்ணாடிக்குள் முழு நெஞ்சையும் காட்டி நின்றபோது, இன்னும் ஒரு வருடம் போனால் கொம்பு தடிக்கும் என்று விரலை எடுத்துக்கொண்டார். அந்தப் பள்ளத்தாக்கில் இளம் கிடாவைச் சுடுபவனைத் தேவாலயத்தில் ஆராதனைக்குப் பிந்திய காபியில்கூட யாரும் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள். அது சரிதான். ஆனால் விட்டு வளர்த்தவன் ஒருவன், சுட்டுத் தலையைச் சுவரில் மாட்டுகிறவன் இன்னொருவன் என்று ஆகிவிட்டால்?

அப்பா நிலத்தைப் பிரித்தபோது முதலில் கேட்டது மூத்தவரைத்தான். ஓரின் யோசிக்காமல் மேட்டைக் கேட்டார். மேட்டில் ஓக் மரங்கள், முட்காடு, நல்ல பார்வை. கீழே ஓடை வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் போட்டு வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும். அந்தச் சேற்றை வைத்துக்கொண்டு சின்னவன் என்ன கிழிக்கப்போகிறான் என்று உள்ளூரச் சிரித்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது வட்டியும் முதலுமாக அனுபவிக்கிறார்.

மான் மேயவென்றே, மண்ணைச் சோதனைக்கு அனுப்பி, புளிப்பு அதிகம் என்று வந்ததும் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு இறைத்தார். மார்ச் மாதம் பனி இளகி மண் வெடிப்பு விடும் நாளாகப் பார்த்து விதைத்தார். களை தலையெடுக்க விடாமல் இரண்டு முறை வெட்டிவிட்டார். விதை நிறுவனத்தின் விளம்பரப் படம் மாதிரி வந்த க்ளோவர், ஆகஸ்ட்டில் மழை பொய்த்ததும் அந்த மணல் மேட்டில் சுருண்டு தரையோடு ஒட்டிக்கொண்டது. டுவேன் என்ன செய்தான்? ஜூலைக் கடைசியில் நிலத்தை ஒரு கிளறு கிளறி, டர்னிப் விதையைக் கையால் வீசிவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டான். முழங்கால் உயரத்துக்கு வந்து நிற்கிறது. கடும்பனி விழுந்ததும் இலையில் இனிப்பு ஏறும், அப்புறம் மான்களுக்கு வேறெதுவும் தெரியாது. பனியும் அக்டோபர் கடைசியிலேயே விழுந்துவிட்டது. வானம்கூட அவன் பக்கம்தான்.

ஓரினுக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

வேட்டை தொடங்க இரண்டு வாரம் இருக்கையில், மாட்டுக்கொட்டகையில் மூன்று நாள் உழைத்து வியர்த்த சட்டைகள் மூன்றை அழுக்குக் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனித வாடை அடித்தால் கிடா வேலியைத் தாண்டாது. தாண்டாவிட்டால் பசிக்குத் தன் க்ளோவருக்குத்தானே வர வேண்டும் என்பது கணக்கு. சாலை வழியே போனால் தம்பி வீட்டு ஜன்னலில் தெரியும். தெரியாமல் போக வேண்டுமென்றால் முட்காட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும்.

அந்த ஆறு ஏக்கர் முட்காட்டுக்குள் ஆகஸ்ட் பிறந்தால் ஓர் ஆள் கால் வைக்கக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். மான் பயமில்லாமல் படுக்க ஓரிடம் வேண்டும், அதில் மனிதன் ஒருமுறை நுழைந்தாலும் வயதான கிடா இடத்தை மாற்றிவிடும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவர். மார்லிஸை அங்கே கறுப்பு முட்பழம் பறிக்கக்கூட விட்டதில்லை. அன்று அவரே முள்ளை விலக்கிக்கொண்டு நடுவில் நடந்துபோனார். பாதி வழியில் புதருக்குள் ஏதோ கனமாக எழுந்து ஓடிய சத்தம் கேட்டது. மாடு மேய்க்கிற புத்திகூட அன்றைக்கு அவருக்கு இல்லை. கேட்டும் நிற்காமல் போய்ச் சட்டைகளை வேலியில் கட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

அதற்குப் பிறகு கேமராவில் அணில் வந்தது, காட்டுக்கோழி வந்தது. கோணக்கொம்பன் வரவில்லை.

வேட்டைக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, டுவேன் வந்தான். கையில் ஒரு பை. மேஜையில் வைத்து, கேட்காமலே காபியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"அண்ணே, உன் சட்டை மூணு நம்ம வேலியில கெடந்துச்சு. காத்துல பறந்து வந்துருச்சு போல. வீட்டுல ஜோலீன் துவைச்சுத் தேய்ச்சுக் குடுத்தா."

மார்லிஸ் பைக்குள் எட்டிப் பார்த்தாள். "மூணுமா?"

"ஆமா அண்ணி. பத்தடிக்கு ஒண்ணா, வரிசையா. இந்த வருஷம் காத்துக்குக்கூட ஒரு ஒழுங்கு வந்துருச்சு."

அவன் முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று ஓரினால் சொல்ல முடியவில்லை. அவர் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார். டுவேன் கைப்பேசியை எடுத்து நீட்டினான். பட்டப்பகல். ஓடைக்கரை நாணல் நடுவே கோணக்கொம்பன் காலை மடித்துப் படுத்திருந்தது.

"ஒரு வாரமா எங்கயும் போகல. தின்னுறதும் அங்கதான், படுக்கிறதும் அங்கதான். உன் காட்ட விட்டுட்டு ஏன் வந்துச்சுன்னு தெரியல."

"மானுக்கு எல்லாம் காரணம் இருக்குமா," என்றார் ஓரின்.

"சனிக்கிழமை நீ என் பரண்ல உக்காருண்ணே."

"எதுக்கு?"

"நாலு வருஷமா விட்டு வளத்தது நீ. நான் அதைச் சுட்டா எனக்கே நல்லா இருக்காது. நான் மேட்டுல உன் பரண்ல உக்காந்துக்கறேன். அங்க ஒண்ணும் வராது, நிம்மதியாத் தூங்குவேன்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அவன் வண்டி கிளம்பிப் போன பிறகு மார்லிஸ் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பு கலையாமல் அடுக்கினாள்.

"ஆறு வருஷமா ஒரு கைப் பழம் பறிக்க விடல. நீங்க சட்டை காயப்போட மட்டும் போலாம் போல."

சனிக்கிழமை விடியலில் ஓரின் தம்பியின் பரணில் இருந்தார். பரணா அது? தரையில் கம்பளம், முதுகு சாய நாற்காலி, ஜன்னலில் சத்தமில்லாமல் திறக்கிற கண்ணாடி. பிளாஸ்கில் காபியும் காகிதத்தில் சுற்றிய மான்கறி சாஸேஜும் வைத்துவிட்டுப் போயிருந்தான். அவர் எதையும் தொடவில்லை. கீழே டர்னிப் நிலம் உறைபனி பூசிக்கொண்டு கிடந்தது. அத்தனை பனியிலும் இலை நிமிர்ந்துதான் நின்றது. நானூறு கெஜத்துக்கு அப்பால், மேட்டில், அவருடைய பழைய மரப்பரணில் டுவேனின் ஆரஞ்சு வேட்டைக் கோட்டு ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

ஏழு இருபதுக்கு நாணல் அசைந்தது. கோணக்கொம்பன் வெளியே வந்து, முன்காலால் மண்ணைப் பறித்து, ஒரு கிழங்கை இழுத்துக் கடித்தது. அந்தக் கறுக்முறுக் சத்தம் எழுபது கெஜம் தாண்டி அவருக்குக் கேட்டது. துப்பாக்கியை ஜன்னலில் சாய்த்தார், பூட்டை விடுவித்தார். மான் பக்கவாட்டில் திரும்பி நின்றது, இதைவிட நல்ல குறி யாருக்கும் அமையாது. இந்தத் தலை கூடத்துச் சுவரில் ஏறும், வருகிறவர்கள் எங்கே கிடைத்தது என்பார்கள். டுவேன் நிலத்தில், டுவேன் பரணில், டுவேன் விட்டுக்கொடுத்தது. அவனும் அங்கே நின்றுகொண்டு, அண்ணன் வளத்த மான்தான் என்று பெருந்தன்மையாகச் சொல்வான். சாகும்வரை சொல்வான். விரல் துப்பாக்கி விசை மேல் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தாமல் இருக்கிறோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாலைப் பக்கம் யாரோ இரண்டு வெடி போட்டார்கள். கோணக்கொம்பன் தலையைத் தூக்கிக் கேட்டது. பிறகு அவசரமில்லாமல் நடந்து, மேடேறி, ஒரே தாவலில் வேலியைத் தாண்டி ஓரினின் நிலத்தில் இறங்கியது. வாடிய க்ளோவர் நடுவில் போய் நின்றது. அதற்கு நேர் பின்னால், மேலே, அந்த ஆரஞ்சுப் புள்ளி. இனி இங்கிருந்து யாரும் சுட முடியாது.

ஓரின் துப்பாக்கியைக் கீழே வைத்தார். டுவேனுக்கு அது காலடியில் நிற்கிறது, கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் விழும். இப்போது அவன் சுட்டுவிட்டால் போதும். வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றினான் என்று ஊர் முழுக்கச் சொல்லலாம், ஆயுசுக்கும் அவனோடு பேசாமல் இருக்கலாம், தேய்த்த சட்டைகளைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

"சுடுடா," என்றார் கண்ணாடியில் மூச்சுப் படிய. "டேய், சுடுடா."

ஆரஞ்சுப் புள்ளி மெல்ல எழுந்து நின்றது. ஓரின் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அது துப்பாக்கியைத் தூக்கவில்லை. வெறுமனே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கீழே கோணக்கொம்பன் தலையைக் குனிந்து அவருடைய க்ளோவரை மேயத் தொடங்கியது.