திலீப்பின் வேகம் 31

திலீப்பின் வேகத்தை 88-லிருந்து 31-க்கு இறக்கியது நான்தான். அதில் என்ன தப்பு? முட்டி உடைந்தவனுக்கு வேறென்ன போடுவதாம்?

எங்கள் குழுவின் பதினோரு பேரையும் ஒரு பழைய கால்பந்து கம்ப்யூட்டர் கேமில் நான் ஏற்றி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஆட்டம் முடிந்ததும் செங்காங்கில் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஃபைலைத் திறந்து அவரவர் வேகம், ஷாட், மூச்சு எல்லாவற்றுக்கும் புது எண் போடுவேன். இந்தக் கேசவன் போட்டால் போட்டதுதான், பேச்சே கிடையாது. பிறகு வாட்ஸப்பில் எல்லாருக்கும் அனுப்புவேன்.

போன மாதம் பயிற்சியில் திலீப் என்னை மூன்று முறை ஏமாற்றிவிட்டு ஓடினான். எல்லாரும் சிரித்தார்கள். நாலாவது முறை நான் சறுக்கிப் பாய்ந்தேன். அவன் முட்டி படக்கென்றது. பந்தைத்தான் உதைத்தேன் என்றேன். எல்லாரும் நம்பினார்கள், அவனைத் தவிர.

31 போட்டு அனுப்பிய அன்றே ஊன்றுகோலோடு வந்து நின்றான். எங்கள் குழுவின் அதீஃபும் நானும்தான் வீட்டில் இருந்தோம்.

"வாடா, உக்காரு," என்றேன்.

ஊன்றுகோல் என் தோளில் இறங்கியது. அடுத்தது வாயில். ஐயோ, என்ன அடி! கீபோர்டெல்லாம் ரத்தம். சும்மா விடுவேனா? சட்டையைப் பிடித்து அவனைச் சுவரில் மோதினேன். மாவுக்கட்டுப் போட்ட காலிலேயே ஓங்கி உதைத்தேன். அலறிக்கொண்டு விழுந்தான். மறுபடியும் உதைத்தேன்.

அதீஃப் என்னைப் பின்னாலிருந்து இழுத்தான். "டேய், போதும் லா! செத்துருவான்!"

"31 கரெக்ட்தான்டா," என்றான் திலீப், தரையில் கிடந்தபடியே. "இனிமே ஓட முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. உன் பேரத் திற. அக்ரெஷன் எவ்ளோ போட்டு வச்சிருக்க?"

ஆட்டக்காரன் எவ்வளவு முரடன் என்பதற்கான எண் அது. அதீஃப் எட்டிப் பார்த்தான்.

"நாப்பது," என்றான்.

"மாத்துடா. எல்லாருக்கும் அனுப்பு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. 99 என்று அடித்து அனுப்பினேன்.

"அன்னிக்குப் பந்தப் பாக்கலடா," என்றேன். "உன் காலத்தான் பாத்தேன்."

"இதச் சொல்ல ஒரு மாசமா?" என்று திலீப் குழந்தை மாதிரி அழுதான். அதீஃப் அவனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. புது ஃபைல் அதீஃபிடமிருந்து வந்தது. திறந்து பார்த்தேன். பத்துப் பேர். திலீப் 31-ஓடு இருந்தான். நான் இல்லை.